கொடும்பாவி யார்?

வைக்கோலைத் திரித்துக் கட்டிய ஓர் உருவம். அதற்கு ஒரு பழைய சேலை, நெற்றியில் பொட்டு. கழுத்திலோ காலிலோ கயிற்றைக் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பின்னால் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். பறை முழங்கும். ஊர் எல்லையிலோ சுடுகாட்டிலோ கொண்டுபோய்ச் செத்த பிணத்துக்குச் செய்யும் சடங்கெல்லாம் செய்து கொளுத்திவிட்டு, தலை முழுகி வீடு திரும்புவார்கள். இனி மழை வரும் என்பது நம்பிக்கை.

கொடும்பாவி கட்டி இழுத்தல் என்று இதற்குப் பெயர். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகம் சுற்றுவட்டாரம் போன்ற வானம் பார்த்த பூமியில் மழை வேண்டிச் செய்கிற காரியங்கள் பல உண்டு. வீடு வீடாக மழைச்சோறு வாங்கி, பொது இடத்தில் கூடி அழுதபடியே உண்பார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் விராட பருவம் படிப்பார்கள். அவையெல்லாம் வேண்டுதல்கள். வானத்தைப் பார்த்துக் கையேந்துவது. கொடும்பாவி மட்டும் குற்றச்சாட்டு. ஊரில் எவரோ பெரும்பாவம் செய்திருக்கிறார், அந்தப் பாவி சாகாமல் மழை இறங்காது என்று ஊரே கூடித் தீர்ப்பு எழுதுவது. அந்தப் பாவி யார் என்று எவரும் பெயர் சொல்வதில்லை. ஆனால் உருவத்துக்குப் பெரும்பாலும் சேலைதான் கட்டுகிறார்கள்.

வைக்கோல் எரிவதோடு முடிகிற வரையில் இதில் யாருக்கும் காயமில்லை. அதே தீர்ப்பைக் காவி உடுத்தவரோ, அங்கி அணிந்தவரோ, தாடி வைத்தவரோ மேடையேறிச் சொல்லும்போது நிலைமை மாறிவிடுகிறது. உயிருள்ள மனிதர்களின் கழுத்தில் கயிறு விழுகிறது.

திருநெல்வேலியில் ஒரு பேச்சு

பேரிடருக்குப் பாவமே காரணம் என்ற கருத்தை இந்திய மண்ணில் சொன்னவர்களிலேயே மிகப் பெரிய மனிதர் மகாத்மா காந்தி. அதை அவர் சொன்ன இடம் தமிழ்நாடு.

1934 ஜனவரி 15, பிற்பகல். பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிபாடுகளாயின. இரு நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் சுற்றி வந்த ஹரிஜனப் பயணத்தில் இருந்தார். நிலநடுக்கம் நடந்து ஒன்பதாம் நாள், ஜனவரி 24 அன்று, திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசினார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று தம்மால் நம்பாமலிருக்க முடியவில்லை என்றார். இதை மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்லலாம் என்பதையும் அவரே சொன்னார். அன்றே தூத்துக்குடியிலும் அதைத் திரும்பச் சொன்னார்.

தாகூர் துடித்துப்போனார். தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியோடு அவருக்கு வேற்றுமையே இல்லை. ஆனாலும் மறுப்பு எழுதி அனுப்பினார். காந்தியும் தம் ‘ஹரிஜன்’ இதழில் பிப்ரவரி 16 அன்று அதை வெளியிட்டு, கூடவே தம் பதிலையும் போட்டார். எதிர்ப்பவரின் சொல்லைத் தன் பத்திரிகையிலேயே அச்சிட்ட அந்த நேர்மையை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தாகூர் கேட்டவை எளிமையானவை. இயற்கைப் பேரிடருக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு. பாவம் செய்தவரையும் செய்யாதவரையும் ஒன்றாகப் புதைக்கிற தண்டனையைக் கடவுள் தருகிறார் என்றால், அந்தக் கடவுளைவிட மனிதனே நீதியில் உயர்ந்தவன் என்றல்லவா ஆகும்? அவர் இன்னொன்றும் சொன்னார். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. இந்த வாதம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். காந்தியும் அவர் சீடர்களும் செய்கிற காரியத்தால்தான் தெய்வம் சினந்தது என்று அவர்கள் கிளம்பியிருந்தால் வியப்பில்லை என்றார். உண்மையிலேயே சனாதனிகள் அப்படித்தான் பேசினார்கள்: கோயில் கதவைத் திறக்கச் சொன்னார் காந்தி, பூமி வெடித்தது.

ஒரே நிலநடுக்கம். ஒருவருக்கு அது தீண்டாமை செய்த பாவம். மற்றவருக்கு அது தீண்டாமையை எதிர்த்த பாவம். இரண்டு கட்சிக்கும் ஒரே சாட்சி, அந்தச் சாட்சியோ வாய் திறக்காது. நேருவும் தம் சுயசரிதையில், காந்தியின் பேச்சைப் படித்துத் திகைத்துப்போனதாகவும் அறிவியல் நோக்குக்கு இதைவிட எதிரான ஒன்றை நினைப்பது கடினம் என்றும் எழுதினார்.

காந்திக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர் விரல் தன் பக்கமே நீண்டது. தீண்டாமை கடைப்பிடித்த சாதி இந்துக்களைத்தான், தன்னையும் சேர்த்து, பாவிகள் என்றார். எளியவர் மீது அவர் பழி போடவில்லை. மார்ச் மாதம் பீகாருக்கே போய், இடிந்த ஊர்களைச் சுற்றி நிவாரணப் பணியில் இறங்கினார். அவருக்குப் பின்னால் அதே வாதத்தை எடுத்தவர்களில் எத்தனை பேர் விரலைத் தம் பக்கம் திருப்பினார்கள்?

அந்த வாதம் பலித்ததா என்றும் கேட்டுப் பார்க்கலாம். நிலநடுக்கத்துக்குப் பயந்து திறந்த கோயில் கதவு எது? மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலையில் வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. போராடியவர்களும் சட்டமும்தான் கதவைத் திறந்தார்கள். அப்படியும் கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் போக 2023 ஜனவரி 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைகுண்ட ஏகாதசி நாளில், போலீஸ் பாதுகாப்போடு போனார்கள். கடவுளின் கோபத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்தப் படியை இன்றும் மிதித்திருக்க மாட்டார்கள்.

விரல் யாரை நோக்கி நீள்கிறது?

பழிபோடும் பழக்கம் தமிழருக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையை எடுத்துப் பாருங்கள். பாண்டியன் தவறிய தீர்ப்பால் கோவலன் கொலையுண்டான். அன்று முதல் பாண்டிய நாட்டில் மழை இல்லை. வறுமை, வெப்பு நோய், அம்மை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் என்ன செய்தான்? பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான். மழை பெய்தது என்கிறது கட்டுரை. குற்றம் செய்தது ஒரு பொற்கொல்லன். விசாரிக்காமல் கொல்லச் சொன்னவன் அரசன். செத்தது அந்தச் சாதியில் பிறந்த ஆயிரம் பேர். பேரிடருக்குப் பாவி தேடும் வழக்கம் எங்கே போய் முடியும் என்பதை இதைவிடக் கூர்மையாக வேறெந்த ஏடும் எனக்குக் காட்டியதில்லை.

வள்ளுவரும் மழை பொய்ப்பதற்கும் அறம் தவறுவதற்கும் முடிச்சுப் போடுகிறார். கொடுங்கோன்மை அதிகாரத்தின் கடைசியில் அது இருக்கிறது. ஆனால் அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் மன்னன். முறை தவறி ஆள்பவனின் நாட்டில்தான் வானம் பொய்க்கும். பெண்ணின் உடையையோ, எளியவனின் சாப்பாட்டையோ, வேற்றுத் தெய்வத்தைக் கும்பிடுகிறவனையோ வள்ளுவர் கூண்டில் ஏற்றவில்லை. வானிலை அறிவியலாக அது நிற்காது. அரசியல் எச்சரிக்கையாக இன்றும் நிற்கிறது.

அண்மைக் காலத்தைப் பார்ப்போம். 2004 நவம்பரில் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். அடுத்த மாதம் 26ஆம் தேதி சுனாமி வந்ததும் இரண்டையும் கோத்துப் பேசியவர்கள் உண்டு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் அளவுக்கு மடிந்தார்கள், பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள், அதிலும் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. கைது செய்ததில் அக்கரைப்பேட்டைக் குழந்தைக்கு என்ன பங்கு? வேளாங்கண்ணியிலோ பேராலயம் தப்பியது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடற்கரையில் நின்ற யாத்ரிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். ஆலயம் தப்பியதை அற்புதம் என்று சொன்னால், பக்தர்கள் போனதை என்னவென்று சொல்வது?

2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளத்துக்கு, தாரி தேவி சிலையை இடம் மாற்றியதே காரணம் என்றார் பாஜகவின் உமா பாரதி. 2016இல் மகாராஷ்டிர வறட்சிக்குச் சாய்பாபா வழிபாடே காரணம் என்றார் துவாரகை சங்கராச்சாரியார் ஸ்வரூபானந்தர். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவில் அப்போதுதான் இடம்பெற்றிருந்த எஸ்.குருமூர்த்தி, சபரிமலை வழக்குக்கும் இந்த மழைக்கும் தொடர்பு உண்டா என்று நீதிபதிகள் பார்க்கலாம் என ட்விட்டரில் எழுதினார். பிறகு, மக்களின் நம்பிக்கையைப் பற்றித்தான் சொன்னேன் என்று விளக்கினார். பெண்களை அனுமதித்த தீர்ப்பு வந்ததோ அதற்கு அடுத்த மாதம், செப்டம்பர் 28. 2023இல் இமாச்சல நிலச்சரிவுகளுக்கு இறைச்சி தின்பதே காரணம் என்று மாணவர்களிடம் சொன்னவர் மண்டி ஐஐடியின் இயக்குநர். 2024 ஜூலையில் வயநாடு சரிந்தபோது பசுவதை என்றார் ராஜஸ்தான் பாஜகவின் கியான்தேவ் ஆகுஜா.

எந்த மதமும் இதில் விலக்கில்லை. 2010இல் தெஹ்ரானில் காசிம் செத்திகி என்ற மதகுரு, பெண்கள் அடக்கமாக உடுத்தாததால் நிலநடுக்கம் பெருகுகிறது என்றார். அதே ஆண்டு ஹெய்தி நாடு நிலநடுக்கத்தில் நொறுங்கியபோது, சாத்தானோடு செய்த ஒப்பந்தத்தின் விளைவு என்றார் அமெரிக்கப் போதகர் பாட் ராபர்ட்சன். 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்த பிறகு, காரணம் பாவம்தான், இடிபாடுகளை எடுத்துக் கட்டுவதைவிட நோன்பிருந்து மன்றாடுவதே வேலை என்று மலாகிரிடா என்ற இயேசு சபைத் துறவி புத்தகமே போட்டார்.

இந்தப் பட்டியலில் பாவிகளாக நிற்பவர்களை வரிசையாகப் பாருங்கள். பெண்கள். மாட்டிறைச்சி உண்பவர்கள். வேறு குருவைக் கும்பிடுபவர்கள். அடிமைத்தனத்தை உதறிய ஹெய்தியின் கறுப்பின மக்கள். ஆற்றை மறித்துக் கட்டடம் எழுப்பியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. மலையைக் குடைந்து குவாரி போட்டவர் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் குழு 2011இல் தந்த அறிக்கையைக் கிடப்பில் போட்டவர்கள் இல்லை. என் குறை இதுதான். மதத் தலைவர்கள் பாவத்தைப் பற்றிப் பேசுவதை நான் குறையாகச் சொல்லவில்லை, அது அவர்கள் வேலை. அந்தப் பாவத்தைத் தேடி அவர்கள் பெரும்பாலும் பலமில்லாதவர் வீட்டுக் கதவையே தட்டுகிறார்கள்.

தென்பெண்ணை கேட்ட கேள்வி

தியாகதுருகத்துக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர். மணிமுத்தாறும் கோமுகியும் அங்கேதான் பிறக்கின்றன. வடக்கே திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு தென்பெண்ணை ஓடுகிறது. இந்தப் பகுதிக்கு வறட்சியும் தெரியும், வெள்ளமும் தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறிய பின் நகராமல் நின்றது. பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கொட்டித் தீர்த்து, பிறகு மெல்ல மேற்கே விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, தருமபுரி என்று ஊர்ந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாள் ஊத்தங்கரையில் 50. ஊத்தங்கரைப் பக்கத்து மழை தென்பெண்ணையில்தான் வடிய வேண்டும். 119 அடி சாத்தனூர் அணை நிரம்பியது. டிசம்பர் 2 அதிகாலையில், ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. திருக்கோவிலூர், அரகண்டநல்லூர், திருவெண்ணெய்நல்லூர் என்று கடலூர் வரை தண்ணீர். வீட்டுக்குள் மார்பளவு. ஆடு, மாடு, நெல் மூட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் போயின. திறந்து மூன்று மாதமே ஆன, சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய அகரம்பள்ளிப்பட்டு பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது.

அதற்கு முந்தைய மாலையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் சேறும் உருண்டு வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். மழைக்குப் பயந்து ஒரே வீட்டில் கதவை அடைத்துக்கொண்டிருந்தவர்கள். தாகூர் 1934இல் கேட்ட கேள்விக்கு இந்த ஐந்து குழந்தைகளை முன்னே வைத்துக்கொண்டு பதில் சொல்ல எந்தப் பீடத்தால் முடியும்? புனித மலை, அதன் சரிவில் வீடுகள், எனவே மலை சினந்தது என்று சொல்வது சுலபம். சரிவில் குடியேற வேண்டிய நிலைக்கு ஏழையைத் தள்ளியது எது, பட்டாவும் மின் இணைப்பும் எப்படிக் கிடைக்கின்றன, ஆபத்தான சரிவு எது என்று அளந்து சொல்ல வேண்டியது யார் என்று கேட்பது கடினம். அந்த ஆண்டு தீபத்தின்போது மலையில் ஏற பக்தர்களை அரசு அனுமதிக்கவில்லை. வல்லுநர்கள் மண்ணைச் சோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகு எடுத்த முடிவு அது. மகா தீபம் எரிந்தது, கூட்டம் கீழே நின்று கும்பிட்டது. பக்திக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

இங்கே மக்களைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்ததும் தென்பெண்ணைக் கரை ஊர்கள் யார் செய்த பாவம் என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. நள்ளிரவில் ஏன் திறந்தீர்கள், முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கக் கூடாதா, எங்களுக்கு யார் சொன்னது என்று சாலையை மறித்துக் கேட்டார்கள். இருவேல்பட்டில் அமைச்சர் மீது சேறு விழுந்தது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எச்சரிக்காமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். சேற்றை வீசியது சரியா என்பது வேறு. கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போனது.

அதற்கு ஐந்தரை மாதம் முன்பு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததையும் நினைக்க வேண்டும். மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது இயற்கைப் பேரிடர் இல்லை. ஆனால் அப்போதும் அதே குரல் எழுந்தது: “குடிச்சா சாகத்தான் செய்வாங்க, இவங்களுக்கு எதுக்கு பத்து லட்சம்?” செத்தவனின் ஒழுக்கத்தைப் பேசிவிட்டால், சாராயம் காய்ச்சியவனையும் அதற்கு மெத்தனால் கொடுத்தவனையும் கண்டுகொள்ளாமல் விட்டவர்களையும் பேச வேண்டியதில்லை. அந்தக் குரலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் போனது, நவம்பரில் விசாரணை சிபிஐக்கு மாறியது. ஒழுக்கத் தீர்ப்பு எப்போதும் விசாரணையை மூடப் பார்க்கும். சாராயச் சாவுக்கும் வெள்ளச் சாவுக்கும் அது பொருந்தும்.

குருமார்களுக்கு வேலை இருக்கிறது

இதையெல்லாம் எழுதுவது சாமி கும்பிடுகிறவர்களைப் புண்படுத்த இல்லை. வீடிழந்தவர் “ஏன் எனக்கு?” என்று கேட்கும்போது, புயலின் பாதையை விளக்குகிற வானிலை வரைபடம் அவருக்கு ஆறுதல் தராது. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் உட்காரக் கோயிலும் மசூதியும் சர்ச்சும் வேண்டும்தான். 2004இல் நாகூர் தர்கா, வந்த உடல்களின் மதம் பார்க்காமல் தன் நிலத்தில் அடக்கம் செய்தது. 2015இல் சென்னை மூழ்கியபோது மசூதிகள் கதவைத் திறந்து எல்லோருக்கும் தங்க இடமும் சோறும் கொடுத்தன. 2018இல் திருச்சூர் மாவட்டத்தில் மாலா அருகே மசூதி நீரில் இருந்ததால், பெருநாள் தொழுகைக்குக் கோயில் மண்டபத்தைக் கொடுத்தார்கள். அந்த ஊர்களில் யாரும் பாவக் கணக்கு எழுதவில்லை.

குருமார்களிடம் கேட்பதற்கு இன்னும் திட்டமான ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை 2022 ஆகஸ்டில் அரசு நிறுத்தியது. ஒரு சாதியின் தோளில் பறையை மாட்டிவிட்டு ஊரைக் கூவி அழைக்கவைத்த வழக்கம் அது, ஒழிந்தது நல்லது. இப்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டிதான் ஊர் ஊராகப் போக வேண்டும். மழை கொட்டும் இரவில், பாதை அறுந்த பிறகு, அந்த வண்டி எத்தனை ஊரை எட்டும்? சூளாங்குறிச்சியில் 36 அடி மணிமுத்தாறு அணை, கச்சிராயபாளையத்தில் 46 அடி கோமுகி அணை. இவை நிரம்பி வழியும் இரவில் கீழே இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே ஒலிபெருக்கி இருக்கிறது. மாரியம்மன் கோயில் கம்பத்தில் இருக்கிறது, பள்ளிவாசல் மினாராவில் இருக்கிறது, சர்ச் கோபுரத்தில் இருக்கிறது. பூசாரி, மோதினார், பங்குத்தந்தை ஆகியோரின் செல்போன் எண்கள் நீர்வளத்துறையின் அணைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தால் போதும். எந்த மணிக்கு எத்தனை கன அடி வருகிறது, எந்தத் தெரு முதலில் காலி செய்ய வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று மூன்று நிமிடத்தில் ஊருக்கே கேட்கும். கரண்ட் போனாலும் கேட்க ஒரு பேட்டரி வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அனுப்பும் வரை காத்திருக்காமல், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கோயில் நிர்வாகிகளும் ஜமாத்தும் பங்குப் பேரவையும் ஊராட்சித் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் அணைப் பொறியாளரிடம் எண்களைக் கொடுத்துவிட்டும் வரலாம்.